ஆழ்கடல் எண்ணெய் வயல் பத்தி 5 நாள் கோர்ஸ்: யார்டுல வேலை பார்க்குற ஒருத்தனோட ரிவ்யூ

சிங்கப்பூர் துவாஸ்ல, கப்பல் கட்டுற யார்டுல எஃப்பிஎஸ்ஓ (கடல்லயே நின்னு எண்ணெய் எடுத்து, சேத்து வச்சு, வேற கப்பலுக்கு ஏத்தி விடுற கப்பல்) கன்வர்ஷன் வேலையில பைப்பிங் க்யூசியா, அதாவது குழாய் வேலையோட தரம் பார்க்குறவனா இருக்கேன், 13 வருஷம் ஆச்சு. பழைய எண்ணெய் டேங்கர் ஒண்ணு துருப்பிடிச்சு உள்ள வரும், ரெண்டு ரெண்டரை வருஷம் இரும்பை வெட்டி மாத்தி, டெக்குக்கு மேல மாட்யூல் மாட்யூலா ஒரு ஃபேக்டரியையே ஏத்தி வச்சு, பெயின்ட் அடிச்சு அனுப்புவோம். டக் போட் இழுத்துக்கிட்டுப் போறப்ப கரையில நின்னு போட்டோ எடுத்துட்டு, மறுநாளே அடுத்த கப்பலோட ஐசோமெட்ரிக் ட்ராயிங்கைப் பிரிச்சு உக்காந்துடுவோம். அது போய்ச் சேர்ற எடம் எப்படி இருக்கும், நான் கையெழுத்துப் போட்ட ஃபிளாஞ்சுக்குள்ள (குழாயோட குழாயை போல்ட் போட்டு இணைக்குற வளையம்) என்ன ஓடுது, எவ்வளவு சூட்டுல ஓடுது, நின்னுபோனா என்ன ஆகும்னு யாராச்சும் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ரொம்ப நாளா இது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

ஜூரோங் ஈஸ்ட் பக்கம் ஒரு ட்ரெய்னிங் சென்டர்ல ஆழ்கடல் எண்ணெய் வயலை எப்படி உருவாக்குறாங்க எப்படி ஓட்டுறாங்கன்னு 5 நாள் கோர்ஸ் போட்டிருந்தாங்க. கைக்காசு 1,900 சிங்கப்பூர் வெள்ளி. ஊருக்குப் போக வச்சிருந்த லீவுல 5 நாளை எடுத்துக்கிட்டேன், வீட்டுல "பாப்பா காதுகுத்துக்கு லீவு இருக்குமா"ன்னு தான் முதல் கேள்வி. நம்ம ஆளுங்க நிறைய பேர் யார்டுல இருக்கீங்க, போலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்காகத் தான் இவ்வளவு நீளமா எழுதுறேன். சென்டர் பேரைப் போடல, குறையும் எழுதப் போறேன், ஒரே ஒரு பேட்ச்சை மட்டும் பார்த்துட்டு பேர் சொல்லிக் குறை சொல்றது சரியில்ல.

மொத்தம் 14 பேர். இன்சூரன்ஸ் கம்பெனி ஆளுங்க ரெண்டு பேர், பேங்க்ல இருந்து ஒரு பொண்ணு, ஷிப் மேனேஜ்மென்ட் ஆளுங்க, பிலிப்பைன்ஸ் இந்தோனேசியா பசங்க, நம்ம தமிழ் ஆளுங்க நாலு பேர். மெயின் ட்ரெய்னர் மலேசியா ஈப்போக்காரர், தமிழர், எஃப்பிஎஸ்ஓல ஓஐஎம்மா, அதாவது அங்க எல்லாத்துக்கும் பொறுப்பான மேனேஜரா இருந்து ரிட்டையர் ஆனவர். கிளாஸ் பூரா இங்கிலீஷ் தான், ஆனா டீ பிரேக்ல கோப்பியைக் கையில வச்சுக்கிட்டு "தம்பி எங்க புரியல சொல்லுங்க"ன்னு அவரே வந்து நம்ம பாஷையில திரும்பச் சொல்லுவார், எனக்கு பாதி கோர்ஸ் அந்த டீ பிரேக்ல தான் நடந்துச்சு.

முதல் நாள் காலையில போர்டுல 1,500 மீட்டர்னு எழுதி வச்சாரு. ஆழ்கடல்னு எங்க இருந்து கணக்குன்னா ஆளாளுக்கு ஒரு கோடு வச்சிருக்காங்க, ஏறக்குறைய 400, 500 மீட்டர்ல இருந்து ஆழ்கடல், 1,500 தாண்டினா அதி ஆழம். எங்கப்பா நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில இருந்து கடலுக்குப் போனவர், அவருக்கு ஆழம்னா பாகம் தான், ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், 40 பாகம் 50 பாகம்னு கயித்தை விட்டுப் பார்த்தே அடி சேறா பாறையான்னு சொல்லிடுவார். நோட்டுல கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1,500 மீட்டர்னா 820 பாகம் வருது. அன்னிக்கு ராத்திரி போன்ல சொன்னா "அங்க போயி எப்புடிடா குழாயைப் பூட்டுறானுவோ"ன்னு கேட்டார். அந்த ஒரு கேள்விக்குத் தான் மீதி நாலு நாளும் பதில் கிடைச்சுச்சு.

10 மீட்டருக்கு தண்ணியோட பிரஷர் ஏறக்குறைய ஒரு பார் ஏறும், அப்ப அடியில 150 பார். நாங்க யார்டுல ஹைட்ரோ டெஸ்ட்ல (குழாய்ல தண்ணியை நிரப்பி அழுத்திப் பார்க்குறது) 150 பார் ஏத்துறப்ப சுத்தி டேப் கட்டி, சைரன் போட்டு, ஒரு ஆள் கிட்ட வராம பார்த்துக்குவோம், அங்க கடல் தண்ணி சும்மா நிக்கிறப்பவே அந்த பிரஷர். தண்ணியோட சூடு 4 டிகிரி பக்கம். டைவர் போற ஆழம் கிடையாது, வால்வைத் திருகுறதுல இருந்து கனெக்டரைப் பூட்டுற வரைக்கும் எல்லாம் ஆர்ஓவி, அதாவது கேபிள்ல கட்டி இறக்குற ரோபோ தான், மேல கப்பல்ல ஒருத்தர் ஜாய்ஸ்டிக் புடிச்சுக்கிட்டு கேமராவைப் பார்த்துச் செய்யணும். அதனால தான் அடியில போற ஒவ்வொரு சாமானுக்கும் பெயின்ட்ல பெரிய நம்பர், மஞ்சள் கலர், ஆர்ஓவி புடிக்க கைப்பிடின்னு வச்சிருக்காங்க.

முதல் நாள் மத்தியானம் எந்த வயலுக்கு எந்த மாதிரி மிதக்குற பிளாட்ஃபார்ம்னு ஒரு குரூப் எக்ஸர்சைஸ். இது சுமார் தான், ஏற்கெனவே நெட்ல படிக்கக் கூடியது. ஆனா உதாரணம் எல்லாம் நம்ம பக்கத்துலயே எடுத்தது புடிச்சிருந்துச்சு. சபா கடல்ல கிகே வயல், மலேசியாவோட முதல் ஆழ்கடல் வயல், 2002ல கண்டுபிடிச்சு 2007ல எண்ணெய் எடுத்தாங்க, தண்ணி ஆழம் 1,300 மீட்டர் சுமாருக்கு, மெக்சிகோ வளைகுடாவுக்கு வெளியில முதன்முதல்ல ஸ்பார் (நிமிர்ந்து மிதக்குற பெரிய உருளை மேல நிக்கிற பிளாட்ஃபார்ம்) போட்டது அங்க தான், கூடவே ஒரு எஃப்பிஎஸ்ஓவும். நம்ம கிருஷ்ணா கோதாவரி படுகையில காக்கிநாடாவுக்கு எதிர்ல ஓஎன்ஜிசி 2024 ஜனவரியில முதல் எண்ணெய் எடுத்தது வந்துச்சு. அப்புறம் கயானா. 2015 மே மாசம் அங்க எண்ணெய் கண்டுபிடிச்சாங்க, அதுக்கான எஃப்பிஎஸ்ஓ, லிசா டெஸ்டினி, இங்க சிங்கப்பூர்ல தான் டேங்கர்ல இருந்து கன்வர்ட் ஆச்சு, 2019 ஜூலையில கிளம்பிப் போய் அந்த டிசம்பர்லயே எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சது, ஒரு நாளைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் பீப்பாய்க்கு டிசைன். மெட்ராஸ்ல கப்பல் ஏறி கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்ம ஜனங்க இறங்குன அதே கயானா. கண்டுபிடிச்சு அஞ்சு வருஷத்துக்குள்ள எண்ணெய் வந்தது இந்தத் தொழில்ல ரொம்ப வேகம்னு ட்ரெய்னர் சொன்னார்.

ரெண்டாவது நாளுக்காக மட்டுமே இந்த கோர்ஸுக்குப் போலாம். காலையில உள்ள வந்ததும் மேசை மேல ரெண்டு வெட்டுத் துண்டு வச்சிருந்தாங்க. ஒண்ணு கடலடி எண்ணெய்க் குழாயோட துண்டு, நடுவுல 8 இஞ்ச் ஸ்டீல், அதைச் சுத்தி கையகலத்துக்கு பாலிப்ரொப்பிலீன் இன்சுலேஷன், அடுக்கடுக்கா, ஒரு அடுக்கு கெட்டியா, ஒரு அடுக்கு நுரை மாதிரி. இன்னொண்ணு அம்பிலிக்கல் துண்டு. தொப்புள்கொடின்னு பேர் வச்சது சரி தான், கப்பல்ல இருந்து கடலடி கிணத்துக்கு உயிர் போறதே அது வழியாத் தான். வெட்டின முகத்தைப் பார்த்தா சுண்டுவிரல் பெருசு, கட்டைவிரல் பெருசுன்னு சூப்பர் டூப்ளெக்ஸ்ங்கிற துருப்பிடிக்காத ஸ்டீல் டியூபுங்க, ஹைட்ராலிக் ஆயிலுக்கு ரெண்டு மூணு, மெத்தனாலுக்கு ஒண்ணு, மெழுகு புடிக்காம இருக்க கெமிக்கலுக்கு ஒண்ணு, இடையில கரண்ட் கேபிள், நூல் மாதிரி ஃபைபர், எடவெளி பூரா கருப்பு பிளாஸ்டிக். பலாப்பழத்தைக் குறுக்க வெட்டினா சுளை நெருக்கி நெருக்கி நிக்குமே, அப்படி. டெக்ல அம்பிலிக்கல் வந்து சேர்ற பாக்ஸோட பைப்பை நான் எத்தனையோ தடவை செக் பண்ணியிருக்கேன், அந்தப் பக்கம் இது தான் தொங்குதுன்னு அன்னிக்குத் தான் கையால தொட்டுப் பார்த்தேன்.

அன்னிக்கு பூரா ஒரே விஷயம் தான், எண்ணெய் நிக்காம ஓடணும். பூமிக்குள்ள இருந்து வர்றப்ப 70, 80 டிகிரி சூடா வருது, சுத்தி 4 டிகிரி தண்ணி. ஓடிக்கிட்டே இருந்தா பிரச்சனை இல்ல, நின்னா ஆறிடும். ஆறினா முதல்ல மெழுகு. மார்கழியில ஊர்ல தேங்காய் எண்ணெய் பாட்டில்ல உறைஞ்சு போய் வெயில்ல வச்சு எடுப்போம்ல, அதே கதை, ஆனா இங்க வெயில்ல வைக்க வழி கிடையாது. அதை விட மோசம் ஹைட்ரேட். கேஸும் தண்ணியும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி கெட்டியாயிடும். பனிக்கட்டின்னா ஜீரோ டிகிரிக்கு வந்தா தான் ஆகும்னு நெனச்சிருந்தேன், 100 பார் பிரஷர்ல 20 டிகிரியிலயே கட்டிப்படும்னு சொன்னப்ப நம்பவே முடியல, கிராஃப் போட்டுக் காட்டினார். 2010ல மெக்சிகோ வளைகுடாவுல மக்கோண்டோ கிணறு வெடிச்சப்ப, கசியுற எண்ணெய் மேல கவுக்க சுமார் 100 டன்னுக்கு ஒரு பெரிய இரும்புக் கூண்டை மே மாசம் இறக்கினாங்க, உள்ள இந்த ஹைட்ரேட் சேர்ந்து வழியை அடைச்சு கூண்டையே மிதக்க விடப் பார்த்துச்சு, அந்த முயற்சியையே விட வேண்டியதாப் போச்சு. 1,500 மீட்டர் ஆழத்துல கசிவு அடங்க 87 நாள் ஆச்சு.

எங்க யார்டுல இன்சுலேஷன்ல ரெண்டு விரல் இடைவெளி இருந்தா க்ளையன்ட் இன்ஸ்பெக்டர் ரிஜெக்ட் பண்ணுவார், "இதுக்குப் போயி இவ்வளவு சத்தமா"ன்னு பசங்க முணுமுணுப்பாங்க, நானும் தான். அந்த இடைவெளி இருக்குற எடத்துல முதல்ல ஆறும், அங்க தான் முதல் கட்டி புடிக்கும். இனி நானே முதல் ஆளா ரிஜெக்ட் பண்ணுவேன்.

மூணாவது நாள் டாப்சைட், அதாவது டெக்குக்கு மேல இருக்குற ஃபேக்டரி, நம்ம ஏரியா. செபரேட்டர், கம்ப்ரசர், வாட்டர் இன்ஜெக்ஷன், எடுத்த கேஸைத் திருப்பி பூமிக்குள்ளயே அனுப்புறது, எண்ணெயோட வந்த தண்ணியைச் சுத்தம் பண்ணி கடல்ல விடுறது, இதெல்லாம் பி அண்ட் ஐடி (குழாய், கருவி எல்லாம் காட்டுற படம்) படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு வேகமா ஓடிடும். எனக்கு அடிச்ச ஒரே எடம் ஃப்ளேர் ஹெட்டர், எரிச்சு விட வேண்டிய கேஸைக் கொண்டு போற பெரிய குழாய். அந்த லைனுக்கு சரிவு கண்டிப்பா இருக்கணும், எங்கயும் பள்ளம் வச்சு தண்ணி நிக்கக் கூடாதுன்னு ட்ராயிங்லயே போட்டிருக்கும், சப்போர்ட் ரெண்டு மில்லி ஏறிப் போச்சுன்னு ராத்திரி ஷிஃப்ட்ல ஷிம் (மெல்லிய தகடு) போட்டு மாத்தியிருக்கோம். ஏன்னு கேட்டேன். எமர்ஜென்சின்னா அந்த ஏரியாவுல இருக்குற கேஸ் பிரஷரை 15 நிமிஷத்துக்குள்ள பாதிக்குக் கீழ இறக்கணும், அவ்வளவு கேஸும் இந்த ஒரு ஹெட்டர் வழியாத் தான் ஓடும், நடுவுல பள்ளத்துல திரவம் நின்னா அது குண்டு மாதிரி கிளம்பி அடுத்த பெண்டுல போய் இடிக்கும், சப்போர்ட்டோட பேத்துக்கும்னார். "தம்பி, அந்த ரெண்டு மில்லியை நீங்க சரி பண்ணுனதால தான் நாங்க எல்லாம் மேல நிம்மதியாத் தூங்குனோம்"னு சொன்னப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. 13 வருஷத்துல இப்படி ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்ல.

இன்னொண்ணும் அன்னிக்குச் சொன்னார். எஃப்பிஎஸ்ஓ போய் நங்கூரம் போட்டா 20, 25 வருஷம் அங்கயே நிக்கணும்னு தான் டிசைன், மத்த கப்பல் மாதிரி அப்பப்ப ட்ரை டாக்குக்கு வராது. ரிப்பேர் எல்லாம் எண்ணெய் ஓடிக்கிட்டு இருக்குறப்பவே, ஆள் குடியிருக்குறப்பவே செய்யணும். இங்க யார்டுல ஒரு நாள்ல முடியுற வெல்டிங்குக்கு அங்க பெர்மிட், கேஸ் டெஸ்ட், கேஸ் உள்ள வராம காத்து அடைச்ச பிரஷர் கூடாரம்னு வாரக்கணக்குல ஆகும்.

நாலாவது நாள் தான் எனக்கு வருத்தம். பொருளாதாரம், கான்ட்ராக்ட், வேற ஒருத்தர் வந்தார், 140 ஸ்லைடு, தலையை நிமிர்த்தாம வாசிச்சுட்டுப் போனார். இது தேவையில்லாத விஷயம்னு நான் சொல்லல. ட்ரில்ஷிப், அதாவது கிணறு தோண்டுற கப்பலோட ஒரு நாள் வாடகையே லட்சக்கணக்குல அமெரிக்க டாலர், முதல் பீப்பாய் வர்றதுக்கு முன்னாடியே நாலஞ்சு வருஷம் காசு வெளிய தான் போகுது, அதனால கப்பல் ஒரு மாசம் லேட்டானா ஏன் அந்தக் குதி குதிக்கிறாங்கன்னு எங்களுக்கும் தெரியணும். ஆனா கேள்வி கேட்டா "கடைசியில பார்க்கலாம்"னு சொல்லி, கடைசியில நேரம் இல்லன்னுட்டார். வயல் வத்திப் போனா எல்லாத்தையும் கழட்டி கிணத்தை சிமென்ட் போட்டு மூடுறது பெரிய வேலை, அதுக்கு நிகழ்ச்சி நிரல்ல ஒன்றரை மணி நேரம் போட்டிருந்தாங்க, கிடைச்சது 10 நிமிஷம். நோட்ஸையும் கோர்ஸ் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுத் தான் பிடிஎஃபா அனுப்பினாங்க, முன்னாடியே குடுத்திருந்தா ராத்திரி படிச்சுட்டு வந்து கேள்வி கேட்டிருக்கலாம்.

அஞ்சாவது நாள் சிமுலேட்டர். கன்ட்ரோல் ரூம் மாதிரியே செட் பண்ணி வச்சிருக்காங்க, நாலு ஸ்க்ரீன், நாலு கடலடிக் கிணறு, போக ஒரு லைன் வர ஒரு லைன்னு லூப். எங்க குரூப்புக்கு வந்த சினாரியோ, கேஸ் கம்ப்ரசர் ட்ரிப் ஆகி கிணறு எல்லாம் மூடிடுச்சு. ஸ்க்ரீன் மூலையில குழாயோட சூடு ஓடிக்கிட்டு இருக்கு, 74, 73. முதல் மூணு மணி நேரம் எதையும் தொட வேணாம், அதுக்குள்ள கம்ப்ரசர் கிளம்பிட்டா அப்படியே திரும்பத் திறந்துக்கலாம். கிளம்பலன்னா ஹைட்ரேட் கட்டாம இருக்க மெத்தனாலை கிணத்து வால்வுலயும் ஜம்பர்லயும் (கிணத்தையும் லைனையும் சேர்க்குற குட்டைக் குழாய்) ஏத்தணும், அப்புறம் கப்பல் டேங்க்ல இருக்குற கேஸ் நீக்கின எண்ணெயை லூப் வழியா ஓட்டி உள்ள இருக்குறதை எல்லாம் தள்ளி வெளிய எடுக்கணும், இதுக்கு எல்லாம் மணிக்கணக்கு ஆகும். நாங்க கம்ப்ரசர் இப்ப வந்துடும் இப்ப வந்துடும்னு அதுலயே நின்னுட்டோம். பேங்க் பொண்ணு தான் "சூட்டைப் பாருங்க"ன்னு கத்துச்சு, 41. மெத்தனாலை ஏத்தி, எண்ணெயை ஓட்ட ஆரம்பிச்சு, பாதி லூப்ல இருக்குறப்ப 22க்கு வந்து ஒரு பகுதி சிவப்பாயிடுச்சு. கட்டி புடிச்சாச்சு.

ரூம்ல சத்தமே இல்ல. ட்ரெய்னர் திட்டல, பக்கத்துல உக்காந்து அடுத்து என்னன்னு கேட்டார். ஒரு பக்கம் மட்டும் பிரஷரை இறக்கலாம்னு இந்தோனேசியாப் பையன் சொன்னான். "அப்படி இறக்கினா அந்தக் கட்டி துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும், ஆளையே கொன்னுருக்கு"ன்னார். ரெண்டு பக்கமும் சமமா மெதுவா இறக்கிட்டு காத்திருக்கணும், நிஜத்துல வாரக்கணக்குல, சில எடத்துல மாசக்கணக்குல ஆகியிருக்கு. எங்க தப்பு ரெண்டு மணி நேரம் தான்.

இவ்வளவு நல்ல சாமானை வச்சுக்கிட்டு ஒரு சீட்டுக்கு அஞ்சு பேரை உக்கார வச்சது தான் ஆத்திரம். விளம்பரத்துல 10 மணி நேரம் சிமுலேட்டர்னு போட்டிருந்துச்சு, எங்களுக்குக் கிடைச்சது 6 மணி நேரம், அதுலயும் நான் மவுசைத் தொட்டது முக்கால் மணி நேரம் இருக்கும். ஃபீட்பேக் ஃபார்ம்ல இதைத் தெளிவா எழுதிக் குடுத்துட்டு வந்தேன், கட்டப் போறவங்க முன்னாடியே போன் போட்டு ஒரு சீட்டுக்கு எத்தனை பேர்னு கேட்டுக்கோங்க.

கடைசி ஒரு மணி நேரம் விபத்துங்க. 1988 ஜூலை 6, வட கடல்ல பைப்பர் ஆல்ஃபாங்கிற எண்ணெய் பிளாட்ஃபார்ம். அது ஆழ்கடல் இல்ல, ஆனா இதைச் சொல்லாம அனுப்ப மாட்டேன்னார். ஒரு பம்ப்போட சேஃப்டி வால்வைக் கழட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு அந்த எடத்துல ஒரு பிளைண்ட் ஃபிளாஞ்ச் (குழாய் வாயை மூடுற தட்டு) போட்டு வச்சிருந்தாங்க, சரியா டைட் பண்ணல. அதுக்கு ஒரு பெர்மிட், பம்ப் சர்வீஸுக்குத் தனியா ஒரு பெர்மிட். ராத்திரி ஓடிக்கிட்டு இருந்த இன்னொரு பம்ப் நின்னுடுச்சு, ஷிஃப்ட்டுக்கு வந்தவங்க கையில பம்ப் பெர்மிட் தான் கிடைச்சுது, வால்வு பெர்மிட் கண்ணுல படல, ஸ்டார்ட் பண்ணிட்டாங்க. கசிஞ்சு வெடிச்சு 167 பேர் செத்துட்டாங்க. போர்டுல அந்த பிளைண்ட் ஃபிளாஞ்சை வரைஞ்சு, எட்டு போல்ட்டையும் ஒவ்வொண்ணா வட்டம் போட்டார். நான் தினமும் பார்க்குற சாமான் அது. டெம்பரரி பிளைண்டுக்கு டேக் கட்டாம போற பசங்களை நான் எத்தனையோ தடவை வாயாலச் சொல்லிட்டு விட்டிருக்கேன், எழுதி வச்சது கிடையாது. திங்கக்கிழமை டூல்பாக்ஸ் மீட்டிங்ல (வேலைக்கு முன்னாடி நடக்குற பாதுகாப்புப் பேச்சு) இதைத் தான் பேசினேன், தமிழ்லயும் பேசினேன், பங்களாதேஷ் பசங்களுக்கு ஒருத்தரை விட்டு பெங்காலியிலயும் சொல்ல வச்சேன். இப்ப எங்க செக்ஷன்ல டெம்பரரி பிளைண்டுக்குத் தனி ரிஜிஸ்டர் போட்டிருக்கோம்.

யாருக்கு ஆகும்னு கேட்டா, யார்டுல க்யூசி, பிளானிங், டிசைன், கமிஷனிங்ல இருக்குறவங்க கண்டிப்பாப் போலாம். ஏற்கெனவே ஆஃப்ஷோர்ல ரெண்டு மூணு வருஷம் இருந்தவங்களுக்கு முதல் நாளும் மூணாவது நாளும் போரடிக்கும். ஆஃப்ஷோர் போறதுக்கான சர்டிஃபிகேட் இது கிடையாது, அதுக்கு பாசியட் (BOSIET)ங்கிற பாதுகாப்புப் பயிற்சியைத் தனியா எடுக்கணும், மூணு நாள், ஹெலிகாப்டர் மாதிரி ஒண்ணுல கட்டிப் போட்டு நீச்சல் குளத்துல கவுத்து விடுவாங்க, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். எங்க பேட்ச்லயே ரெண்டு பேர் இதையும் அதையும் குழப்பிக்கிட்டு காசு கட்டியிருந்தாங்க, பாவமா இருந்துச்சு. சாப்பாடு ஓகே, சைவம் ஒரே வகை தான், ஏசி கடுமையா குளிரும், ஜாக்கெட் எடுத்துட்டுப் போங்க.

1,900 வெள்ளிக்கு என் மார்க் 10க்கு 7. சிமுலேட்டர் நேரத்தை ஒழுங்காக் குடுத்து நாலாவது நாளுக்கு நல்ல ஆளாப் போட்டா 9 தயங்காமக் குடுப்பேன். கம்பெனி காசு குடுக்குமான்னு முதல்ல எச்ஆர்ல கேட்டுப் பாருங்க, நான் கேட்காம விட்டுட்டேன், அப்புறம் கேட்டதுக்கு அடுத்த பேட்ச்சுக்கு எங்க செக்ஷன்ல இருந்து ரெண்டு பேரை அனுப்புறேன்னு சொல்லியிருக்காங்க. போறவங்க உங்க வேலையில ஏன்னு தெரியாம செய்யுற விஷயத்தை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, கிளாஸ்ல கேட்க கூச்சமா இருந்தா டீ பிரேக்ல அந்த ஈப்போ அண்ணன்கிட்ட போய் நில்லுங்க, அவர் கோப்பி ஆறிப்போனாலும் பரவாயில்லன்னு நின்னு சொல்லித் தருவார்.